ரீச்சரிடம் கேளுங்கள்: பால்டிக் கடலில் ஒரு கோணமலை

ரீச்சர், டென்மார்க் தீவு ஒன்றில் நின்றபோது கோணேசர் மலை ஞாபகம் வந்தது என்று போன இதழில் ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். எந்தத் தீவு அது?
– வாசகி, உப்புவெளி

போர்ன்ஹோல்ம். என் தங்கச்சி குடும்பம் டென்மார்க்கில் ஹேர்னிங் நகரத்தில் இருக்கிறது. போன வருடம் ஆனி மாதம் அங்கே போயிருந்தபோது பெறாமகள்தான், “பெரியம்மா, உங்களுக்குக் கல்லும் கடலும் காட்டுகிறேன், வாங்கோ” என்று கூட்டிக்கொண்டு போனாள். நாலு நாள் நின்றோம்.

31 வருடம் புவியியல் படிப்பித்தவள் நான். டென்மார்க் தட்டையான நாடு என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சொன்னது பிழையில்லை. அந்த நாட்டின் மிக உயர்ந்த இடமே 171 மீற்றர்தான். மணலும் களியும் சுண்ணக்கல்லுமான நிலம். போர்ன்ஹோல்ம் மட்டும் வேறு சாதி. பால்டிக் கடலுக்குள் கருங்கல் அப்படியே எழும்பி நிற்கிறது. நூறு கோடி வருடத்துக்கும் மேல் வயதான கல். வடக்கே செங்குத்துப் பாறை, தெற்கே போகப் போக மணற்கல், கடைசியில் வெண்மணல் கரை. பரப்பு 588 சதுர கிலோமீற்றர், எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரும். சனத்தொகை 40,000 அளவில்.

வடமேற்கு முனையில் ஹம்மர்ஷூஸ் என்ற கோட்டை இடிந்து கிடக்கிறது. வட ஐரோப்பாவிலேயே பெரிய கோட்டை இடிபாடு அதுதான். கடல் மட்டத்தில் இருந்து 74 மீற்றர் உயரம். மதில் ஓரம் நின்று கீழே பார்த்தேன். கோணேசர் மலையின் இராவணன் வெட்டுப் பிளவில் எட்டிப் பார்க்கும்போது உள்ளங்கால் கூசும் அல்லவா, அதே கூச்சம். நீலம் மட்டும் வேறு நீலம், சாம்பல் கலந்தது. கைகள் தாமாகவே கும்பிடப் போயின.

வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். போர்ன்ஹோல்ம் ஸ்வீடனுக்குத்தானே கிட்ட இருக்கிறது? அது எப்படி டென்மார்க்குக்குச் சொந்தமானது?
– மாணவன், மூதூர்

தம்பி, வரைபடத்தைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்கிற பிள்ளை வகுப்பில் ஒன்று இருந்தால் போதும், அன்றைக்குப் பாடம் நடக்கும்.

கோபன்ஹேகனில் இருந்து அந்தத் தீவு ஏறக்குறைய 150 கிலோமீற்றர். ஸ்வீடன் கரையில் இருந்து 40 கூட இல்லை. ஆனால் 1658 வரைக்கும் எதிரே தெரிகிற அந்த ஸ்கோன கரையும் டென்மார்க்கின் மண்தான். போரில் தோற்ற டென்மார்க், அந்த வருடம் ரொஸ்கில்ட உடன்படிக்கையில் ஸ்கோனவையும் போர்ன்ஹோல்மையும் சேர்த்து ஸ்வீடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. யொஹான் பிரின்ட்ஸென்ஷோல்ட் என்ற அதிகாரி படையோடு தீவுக்கு வந்து, வரியும் ஆளும் கேட்கத் தொடங்கினார்.

தீவுச் சனம் பொறுத்தது சில மாதங்கள்தான். டிசம்பர் 8ஆம் திகதி ரொன்னே நகரத்தில் அவரைப் பிடித்தார்கள். தெருவிலேயே சுடப்பட்டு இறந்தார். எழுச்சியை நடத்தியவர்களில் யென்ஸ் கொபோட் என்பவரின் பெயரை இன்றைக்கும் அங்கே எல்லோரும் சொல்வார்கள். ஹம்மர்ஷூஸ் கோட்டைக்குள் இருந்த ஸ்வீடன் படையைப் பணிய வைத்ததற்கும் ஒரு கதை உண்டு. செத்தவரின் உடுப்பை ஒருவனுக்குப் போட்டு, ‘உங்கள் அதிகாரி எங்கள் கையில்’ என்று தூரத்தில் இருந்து காட்டினார்களாம். படை கதவைத் திறந்துவிட்டது.

இதற்கு அடுத்து அவர்கள் செய்ததுதான் என்னைத் தீவின் அருங்காட்சியகத்தில் வெகுநேரம் நிற்க வைத்தது. அந்த மாத முடிவிலேயே டென்மார்க் அரசர் மூன்றாம் பிரடெரிக்கிடம் ஆள் அனுப்பி, தீவை அவருக்கும் அவர் வம்சத்துக்கும் தாங்களாகவே கொடுத்தார்கள். இனி எங்களை வேறு எவருக்கும் கைமாற்றக் கூடாது என்பது நிபந்தனை. 1660இல் சமாதானம் வந்தபோது ஸ்கோன ஸ்வீடனோடு போய்விட்டது. போர்ன்ஹோல்ம் டென்மார்க்கோடு நின்றது. நீங்கள் வரைபடத்தில் கண்ட அந்த விசித்திரத்துக்கு இதுதான் காரணம்.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எங்கள் திருகோணமலைக் கோட்டை கை மாறிய கதையை வகுப்பில் நான் ஆண்டு வரிசையாக ஒப்புவிக்கச் செய்திருக்கிறேன். கேட்காமல் கைமாற்றப்பட்டவர்கள், நாங்கள் யாரோடு இருப்போம் என்று வாய் திறந்து சொன்ன இடம் ஒன்றைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது.

எங்கள் திருகோணமலை பிரடெரிக் கோட்டைக்கு டென்மார்க் அரசர் பெயரைத்தான் வைத்தார்கள் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
– வாசகர், பாலையூற்று

இல்லை. ஆங்கிலேயர் 1803இல் தங்கள் அரசரின் மகன், யோர்க் கோமகன் பிரடெரிக்கின் பெயரை வைத்தார்கள். ஆனால் டென்மார்க்காரர் இங்கே வந்தது உண்மை. போர்த்துக்கேயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கண்டி அரசர் செனரத்துக்கு உதவி என்று சொல்லி, 1618 நவம்பரில் கோபன்ஹேகனில் இருந்து கப்பல்கள் புறப்பட்டன. தளபதி ஓவே யெட்ட. அப்போது அவருக்கு 23 வயதுதான். 1620இல் திருகோணமலைக்கு வந்து, கோணேசர் கோயில் இருந்த முனையில் கோட்டை வேலையும் தொடங்கினார்கள். கண்டியோடு பேச்சு சரிவரவில்லை. அப்புறம் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்றுத் தரங்கம்பாடியில் குடியேறினார்கள். அங்கே அவர்கள் கட்டிய கோட்டை இப்போதும் நிற்கிறது. சில வருடங்களில் போர்த்துக்கேயர் எங்கள் கோயிலை இடித்து, அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். அதை எழுதும்போது இப்போதும் கை கொஞ்சம் நின்றுவிடுகிறது.

இரண்டாம் உலகப் போர் அந்தத் தீவைத் தொட்டதா?
– வாசகர், சீனக்குடா

சீனக்குடாவில் இருந்து இந்தக் கேள்வி வருவது பொருத்தம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் இங்கே குண்டு போட்டதை என் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

போர்ன்ஹோல்முக்கு அது போர் முடிகிற நேரத்தில் வந்தது. 1945 மே 5ஆம் திகதி டென்மார்க் முழுவதும் விடுதலை என்று சனம் தெருவில் ஆடிக்கொண்டிருந்தது. தீவில் இருந்த ஜெர்மன் தளபதி மட்டும் சோவியத் படையிடம் சரணடைய மாட்டேன் என்றார். மே 7, 8 ஆகிய இரண்டு நாளும் சோவியத் விமானங்கள் ரொன்னே, நெக்ஸோ நகரங்களைத் தாக்கின. ஊர்ச் சனத்தை வெளியேறச் சொன்னதால் உயிர்கள் பெரும்பாலும் தப்பின, வீடுகள் போயின. சோவியத் படை திரும்பிப் போனது 1946 ஏப்ரல் 5ஆம் திகதி. ஸ்வீடன் மரவீடுகளை அன்பளிப்பாக அனுப்பியது, அவற்றில் இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒரு வீட்டு வாசலில் ரோசாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்துக் கை அசைத்தார்.

சாப்பாடு எப்படி?
– வாசகி, திருக்கடலூர்

மீன்தான். ஹெரிங் என்பது எங்கள் சாளை, சூடைக்கு உறவு. வெள்ளைப் புகைக்கூண்டு வைத்த கட்டடங்களுக்குள் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டு, விறகுப் புகை போட்டு எடுப்பார்கள். தோல் பொன் நிறமாக வரும். கறுப்பு ரை பாணின் மேல் அந்த மீன், வெங்காயத்தாள், முள்ளங்கி, நடுவில் பச்சை முட்டை மஞ்சள் கரு. அதற்கு ‘குட்யெம் மேலே சூரியன்’ என்று பெயர். குட்யெம் அங்கே ஒரு மீன்பிடி ஊர். பச்சை முட்டை எனக்கு ஆகாது என்று கருவை விலக்கிவிட்டு மீனை மட்டும் சாப்பிட்டேன். கருவாட்டு மணத்தில் வளர்ந்த நாக்குக்கு அது அந்நியமாகப் படாது.

மகன் கோபன்ஹேகனில் படிக்கிறான். பார்க்கப் போகிறோம். இரண்டு நாளில் போர்ன்ஹோல்ம் போய் வரலாமா?
– வாசகர், நிலாவெளி

வரலாம். ஸ்வீடன் வழியாக இஸ்டாட் துறைமுகத்துக்குப் போய், அங்கே இருந்து கப்பலில் 80 நிமிடம். இடையில் ஸ்வீடனுக்குள் போவதால் பாஸ்போர்ட்டைக் கைப்பையிலேயே வையுங்கள்.

முதல் நாள் வடக்கே ஹம்மர்ஷூஸ், அப்புறம் ஒஸ்டர்லாஸ் வட்டத் தேவாலயம். 12ஆம் நூற்றாண்டில் கட்டிய இப்படியான வட்டக் கோயில்கள் தீவில் நாலு உண்டு. தடித்த வெள்ளைச் சுவரும் கறுப்புக் கூம்புக் கூரையுமாக இருக்கும். ரொன்னேயில் நின்றால் ஆள் உயர மணிக்கூடுகளைக் கேட்டுப் பாருங்கள். 1744இல் கரை தட்டிய ஒல்லாந்துக் கப்பலில் இருந்த மணிக்கூடுகளைப் பழுது பார்க்கப் போய்த்தான் ஊர்க் கைவினைஞர் அந்தத் தொழிலையே கற்றார்களாம். குட்யெமில் இருந்து படகில் ஒரு மணி நேரம் போனால் கிறிஸ்டியன்ஸோ என்ற குட்டிக் கோட்டைத் தீவு. நூறு பேர் அளவில்தான் வாழ்கிறார்கள், கார் கிடையாது, பறவைகளுக்காக நாய் பூனையும் கொண்டுபோக முடியாது. அதற்கு மூன்றாம் நாள் வேண்டும்.

இரண்டாம் நாள் தெற்கே டூவொட கடற்கரை. முன்னொரு காலத்தில் மணற்கடிகாரத்துக்குள் போட்ட மணல் அது, அவ்வளவு நைசு. நீங்கள் நிலாவெளிக்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன்: தண்ணீரை ஒரு சொட்டு வாயில் விட்டுப் பாருங்கள். பால்டிக்கில் ஆற்று நீர் நிறையக் கலப்பதால் எங்கள் கடல் உப்பில் நாலில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனி, ஆடியில் போனால் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஆறுதலாக நடக்கலாம். அம்மாவுக்கு ஒரு தடித்த சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஹம்மர்ஷூஸ் மேட்டில் காற்று கோடையிலும் குளிரும்.