பில்டரை விடுங்கள், குழாயைப் பாருங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. இரணைமடுக்குளத்தின் கீழ் வயல் செய்கிறார். பித்தக்குழாயில் கல் என்று போன வருடம் உள்ளே பிளாஸ்டிக் குழாய் வைத்தார்கள். அதன்பிறகு மூன்று தடவை நடுக்கக் காய்ச்சலும் செங்கமாரியும். இம்முறை இரத்தத்தில் ‘ஏரோமோனாஸ்’ என்ற தண்ணீர்க் கிருமியாம். ஆர்.ஓ. என்கிற தண்ணீர் வடிகட்டும் பில்டர் பூட்டினால் சுகமாகும் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து நிற்கிறார். பூட்டலாமா?

பதில்: பொறுங்கள் தங்கச்சி, அந்தக் காசு மடியிலேயே இருக்கட்டும்.

ஏரோமோனாஸ் குளத்திலும் வாய்க்காலிலும் குளத்து மீனிலும் இருக்கிற கிருமிதான். ஆனால் அதே தண்ணீரில் புழங்குகிற ஊராருக்கு ஏன் பித்தக்குழாயில் பிடிக்கவில்லை? பித்தக்குழாய் குடலில் திறக்கும் இடத்தில், துருசுக் கதவு மாதிரி ஒரு தசை உண்டு. குடலில் இருப்பதை அது மேலே ஏற விடாது. குழாய் வைத்தால் அந்தக் கதவு திறந்தே கிடக்கும். ஏறுகிற கிருமி குழாய்க்குள் பாசிபோலப் படியும். மருந்து இரத்தத்தில் உள்ளதைக் கொல்லும்; பாசிக்குள் பதுங்கியதை எட்டாது. பத்து நாள் சுகம், அப்புறம் மறுபடி நடுக்கம்.

பிளாஸ்டிக் குழாயை ஏறக்குறைய மூன்று மாதத்தில் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். நீங்கள் எழுதியதோ ‘போன வருடம்’! என்னிடம் வந்த ஒருவரின் கிளினிக் கொப்பியில் பிரஷர் குளிசை வரை எல்லாம் இருந்தது, குழாய் இருப்பது மட்டும் இல்லை. எக்ஸ்ரேயில்தான் கண்டோம். வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு திகதி எழுத நேரமில்லை. ஆகவே நீங்களே கேளுங்கள்: குழாய் எப்போது மாற்றப்படும், உள்ளே இன்னும் கல் இருக்கிறதா?

அடுத்தது பார்மசி. காய்ச்சல் என்றதும் அமொக்சிசிலின் நாலு குளிசை சுற்றித் தருவார்கள். இந்தக் கிருமிக்கு அது அநேகமாகக் கேட்காது. போதாக்குறைக்கு, ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்து வளர்க்கும்போது கிருமி முளைக்காமலும் போகும். நடுக்கம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, கையில் பழைய ரிப்போர்ட். கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்க வேண்டாம்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தாலே இந்தக் கிருமி செத்துவிடும். சிறுநீரகப் பயத்துக்கு ஆர்.ஓ. பூட்டுவது வேறு கதை. அதிலும் தாங்கியைக் கழுவாவிட்டால் அங்கேயும் பாசிதான்.

ஒரு விஷயம் மட்டும் வேறு. அப்பாவுக்கு ஈரல் சுருக்கம் இருக்கிறதா? குடியால் வந்தாலும் வேறு எதனால் வந்தாலும் சரி. இருந்தால் தண்ணீரும் ஆபத்துத்தான். காலில் சின்ன வெட்டுக்காயம் போதும், சேற்றுத் தண்ணீரிலிருந்து கிருமி நேரே இரத்தத்துக்குப் போகும், சில மணி நேரத்தில் ஆளையே சாய்க்கும். அப்படிப்பட்டவர் காயத்தோடு வயலில் இறங்கவே கூடாது. ‘உழவு முடியட்டும்’ என்பார். விடாதீர்கள். அரைவேக்காட்டு மீனும் வேண்டாம். ஈரல் எப்படி இருக்கிறது என்று குழாய் மாற்றப் போகும் அன்றே கேட்டு, அதையும் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வாருங்கள்.