எவ்வளவு சம்பாதிப்பவரைச் சாதாரண உழைப்பாளி என்று சொல்லலாம்?

கேள்வி: எந்த வருமானம் வரை உள்ளவரைச் சாதாரண உழைப்பாளி என்று சொல்லலாம்? நான் என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் என் சம்பளத்தைக் கேட்ட உறவினர் ஒருவர், "நீயெல்லாம் சாதாரண ஆளா?" என்று சிரிக்கிறார்.

பதில்:

சிரித்த உறவினர் என்ன வாங்குகிறார் என்பதை நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்திருக்கும்.

நான் பதினான்கு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் வேலை பார்த்தவன். வாசல் காவலாளியில் தொடங்கிப் பொது மேலாளர் வரை ஏறக்குறைய நானூறு பேரின் சம்பளச் சீட்டுகள் மாதா மாதம் என் கை வழியாகத்தான் போகும். பிடித்தம் அதிகமாகிவிட்டது என்று யார் வந்து முறையிட்டாலும் பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்கும்: "நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு இது கட்டுப்படியாகுமா?" காவலாளி இப்படிக் கேட்டபோது எனக்கு வியப்பில்லை. அவரைப்போல இருபது மடங்கு வாங்கிய பொது மேலாளரும் வரிப் பிடித்தத்தைக் காட்டி இதே வாக்கியத்தைச் சொன்னபோது, பேனாவை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. மனதார நம்பித்தான் சொன்னார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. மனிதன் தன்னை நாட்டு மக்கள் அனைவரோடும் ஒப்பிடுவதில்லை. கண்ணில் படுகிறவர்களோடுதான் ஒப்பிடுகிறான். மேலாளரின் கண்ணில் பட்டவர்கள் இயக்குநர்கள். அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் பகுதியில் நடத்தி 2013இல் வெளியான ஓர் ஆய்வில், வருமான வரிசையில் தங்கள் இடம் எது என்று குடும்பங்களிடம் கேட்டார்கள். ஏழைகளில் பலர் உள்ளதைவிட மேலே இருப்பதாகவும், வசதியானவர்களில் பலர் உள்ளதைவிடக் கீழே இருப்பதாகவும் சொன்னார்கள். இரண்டு முனைகளிலிருந்தும் எல்லாரும் நடுவை நோக்கி நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். ஆகவே "நான் சாதாரண ஆள்" என்று ஒருவர் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நீங்கள் சொன்னாலும்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சரி, எண்ணுக்கு வருவோம். முதலில் சராசரியைக் கையிலெடுக்காதீர்கள். ஒன்பது பேர் ஆளுக்கு 20 ஆயிரமும் பத்தாமவர் 3 லட்சத்து 20 ஆயிரமும் வாங்கினால் சராசரி 50 ஆயிரம். அந்தத் தொகையை வாங்குகிறவர் அந்த அறையில் ஒருவர்கூட இல்லை. எல்லாரையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தி, சரியாக நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார் என்று பார்ப்பதுதான் இடைநிலை வருமானம். மேற்சொன்ன அறையில் அது 20 ஆயிரம். "சாதாரண" என்ற சொல்லுக்கு அருகில் வருகிற ஒரே புள்ளிவிவரம் இதுதான் என்பது என் கருத்து.

இந்த இடைநிலையைச் சுற்றித்தான் நிபுணர்களும் கோடு போடுகிறார்கள். பெரும்பாலும் வசதியான நாடுகள் சேர்ந்த பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கையில், இடைநிலை வருமானத்தில் 75 சதவீதத்திலிருந்து 200 சதவீதம் வரை உள்ளவர்களை நடுத்தர வருமானக்காரர்கள் என்றது. அதன் உறுப்பு நாடுகளில் 1980களின் நடுவில் 64 சதவீதம் பேர் இந்தக் கட்டுக்குள் இருந்தார்கள். பின்னர் அது 61 சதவீதமாகச் சுருங்கியது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் போடும் கோடு மூன்றில் இரண்டு பங்கில் தொடங்கி இரண்டு மடங்கில் முடிகிறது. எனக்கு இரண்டுமே தாராளமாகத் தோன்றுகின்றன. முதல் அளவுகோலில்கூட மேல் விளிம்பில் நிற்பவர் கீழ் விளிம்பில் நிற்பவரைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல் வாங்குகிறார். ஒருவர் பல்வலிக்கு அன்றே மருத்துவரைப் பார்க்கிறார்; மற்றவர் அடுத்த சம்பளம் வரட்டும் என்று கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் ஒரே பெயர் என்றால் அந்தப் பெயரால் என்ன பயன்?

ஒரு முறை ஒரு நீதிமன்றமே உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டது. அந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆண்டு 1907, நாடு ஆஸ்திரேலியா. அறுவடை இயந்திரங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை வரிவிலக்குக் கேட்டது. தொழிலாளர்களுக்கு "நியாயமான" கூலி கொடுப்பவர்களுக்குத்தான் அந்த விலக்கு. எது நியாயம் என்று சட்டம் சொல்லவில்லை. நீதிபதி எச். பி. ஹிக்கின்ஸ் பெரிய தத்துவம் எதையும் தேடிப் போகவில்லை. வீட்டுச் செலவை நடத்தும் பெண்களின் கணக்குகளைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டார். ஐந்து பேர் அளவிலான குடும்பத்துக்கு வாடகை, மளிகை, ரொட்டி, இறைச்சி, பால், காய்கறி, விறகு எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 32 ஷில்லிங் 5 பென்ஸ் ஆனது (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்). பயிற்சி தேவைப்படாத வேலையாளுக்கு அப்போது கிடைத்த கூலி நாளுக்கு 6 ஷில்லிங், ஆறு நாளைக்கு 36. மிச்சம் 3 ஷில்லிங் 7 பென்ஸ். பிறகு ஹிக்கின்ஸ் ஒரு பட்டியல் போடுகிறார்: விளக்கு, துணிமணி, காலணி, பாத்திரம், காப்பீடு, சேமிப்பு, சங்கச் சந்தா, புத்தகம், செய்தித்தாள், டிராம் கட்டணம், பள்ளிச் செலவு. இவை எதுவும் அந்த 32 ஷில்லிங் கணக்கில் இல்லை. அத்தனையும் இந்த மூன்றரை ஷில்லிங்குக்குள் எப்படி அடங்கும் என்பதுதான் கேள்வி. நாகரிகச் சமூகத்தில் மனிதனாக வாழத் தேவையானது நாளுக்கு 7 ஷில்லிங் என்று தீர்ப்பளித்தார். அந்த வரிச் சட்டத்தையே மறு ஆண்டில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது வேறு விஷயம். கணக்கு மட்டும் நிலைத்து, பல பத்தாண்டுகளுக்கு அந்த நாட்டின் அடிப்படைக் கூலியைத் தீர்மானித்தது.

எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்தப் பட்டியலில் செய்தித்தாளும் சங்கச் சந்தாவும் இருப்பது. உயிரோடு இருக்க அவை தேவையில்லை. ஆனால் நாலு பேரில் ஒருவராக இருக்கத் தேவை. 1776இலேயே பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் இதைச் சொல்லிவிட்டார்: பண்டைய கிரேக்கரும் ரோமரும் லினன் துணி இல்லாமல் சௌகரியமாக வாழ்ந்தார்கள், ஆனால் தன் காலத்துக் கூலியாள் லினன் சட்டை இல்லாமல் வெளியே தலைகாட்ட வெட்கப்படுவான் என்று. இன்று அந்தச் சட்டையின் இடத்தில் செல்பேசி இருக்கிறது. அதை வைத்திருப்பதைக் காட்டி ஒருவரை வசதியானவர் என்று சொல்கிறவர்கள் ஸ்மித்துக்கும் முந்தைய காலத்தில் இருக்கிறார்கள்.

ஹிக்கின்ஸின் கணக்கில் ஓர் ஓட்டையும் உண்டு. அவர் மனதில் இருந்த உழைப்பாளி மனைவியும் மூன்று குழந்தைகளும் உள்ள ஆண். அந்த அச்சில் வார்த்ததால் 1919இல் ஆடைத் தொழில் வழக்கில் பெண்களுக்கான அடிப்படைக் கூலியை ஆண்களுடையதில் சுமார் 54 சதவீதமாக அவரே நிர்ணயித்தார். தன் சம்பளத்தில் தாயையும் தம்பியையும் காப்பாற்றிய பெண் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

இதனால்தான் தனி ஆளின் சம்பளத்தைக் கேட்டுவிட்டுச் சிரிப்பதும் அழுவதும் வீண். எத்தனை வாய் சாப்பிடுகிறது, எத்தனை கை சம்பாதிக்கிறது என்று கேட்க வேண்டும். புள்ளிவிவரக்காரர்கள் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள்: வீட்டின் மொத்த வருமானத்தை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பது. நால்வர் இருந்தால் இரண்டால் வகுக்க வேண்டும். நான்கு பேருக்கு நான்கு கூரை வேண்டாம், ஒரே விளக்கு எல்லாருக்கும் எரியும் என்பதால் நான்கால் வகுப்பதில்லை. 60 ஆயிரம் வாங்கும் தனி ஆளுக்கு அது 60 ஆயிரமே. அதே 60 ஆயிரத்தில் நால்வர் வாழும் வீட்டுக்கு அது 30 ஆயிரத்துக்குச் சமம். எங்கள் அலுவலகத்தில் ஒரே பதவி, ஒரே சம்பளம் வாங்கிய இரண்டு எழுத்தர்கள் அடுத்தடுத்த மேசையில் இருந்தார்கள். ஒருவர் வங்கியில் வைப்புத்தொகை போட்டுக்கொண்டிருந்தார்; மற்றவர் மாதத்தின் இருபதாம் தேதி வாக்கில் முன்பணம் கேட்டு வருவார். அவர் ஊதாரி இல்லை. அவருக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் மூவர், படுக்கையில் தந்தை.

வயதும் சேர்ந்துகொள்ளும். 1899இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் சமூக ஆய்வாளர் சீபோம் ரவுன்ட்ரீ 11,560 குடும்பங்களின் நிலையைத் திரட்டினார். அவர் கண்டவற்றில் ஒன்று இது: உழைப்பாளியின் வாழ்க்கையில் மூன்று முறை நெருக்கடி வருகிறது. தான் குழந்தையாக இருக்கும்போது, தனக்குச் சின்னக் குழந்தைகள் இருக்கும்போது, உடல் தளர்ந்து வேலை நின்றபின். நடுவில் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆகவே இருபத்தைந்து வயதில் திருமணத்துக்கு முன் தன்னை வசதியானவர் என்று நினைப்பவர் முப்பத்தைந்தில் அப்படி நினைக்க மாட்டார், சம்பளம் ஏறியிருந்தாலும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "மாத வருமானம் எவ்வளவு" என்று கேட்பதே சம்பளச் சீட்டு உள்ளவர்களின் கேள்வி. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் தந்த கணக்குப்படி உலகில் வேலை செய்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், சுமார் 200 கோடிப் பேர், முறைசாரா வேலைகளில் இருக்கிறார்கள். வேலை கிடைத்த நாளில் கூலி, கிடைக்காத நாளில் இல்லை. எண்ணிக்கையை வைத்துச் சொன்னால் உலகின் சாதாரண உழைப்பாளி அவர்தான். நிலையான சம்பளம் வாங்கும் நாம் அவருக்கு ஒரு படி மேலே நிற்பவர்கள்.

வருமானத்தை மட்டும் வைத்து இந்தக் கோட்டைப் போட முடியாது என்பது அரசியலிலும் வெளிப்பட்டது. 2024 தேர்தலில் பிரிட்டனின் தொழிற்கட்சி, உழைக்கும் மக்கள் மீது வரியை உயர்த்த மாட்டோம் என்று வாக்குறுதி தந்தது. உழைக்கும் மக்கள் என்றால் யார் என்று செய்தியாளர்கள் விடாமல் கேட்டார்கள். கட்சித் தலைவர் கியர் ஸ்டார்மர் தொகை எதையும் சொல்லவில்லை. உழைத்துப் பிழைப்பவர், பொதுச் சேவைகளை நம்பி இருப்பவர், சிக்கல் வந்தால் காசோலை எழுதித் தப்பிக்க முடியாதவர் என்ற பொருளில் பதில் சொன்னார். நழுவல் என்று பலர் கேலி செய்தார்கள். நழுவல்தான், ஆனாலும் அந்தக் காசோலைப் பகுதியில் உண்மை இருக்கிறது. அமெரிக்க மத்திய வங்கி 2013 முதல் ஆண்டுதோறும், திடீரென்று 400 டாலர் செலவு வந்தால் என்ன செய்வீர்கள் என்று மக்களிடம் கேட்கிறது. 2023இல் 63 சதவீதம் பேர்தான் கையிருப்பிலிருந்தோ அதற்குச் சமமானதிலிருந்தோ கொடுத்துவிடுவோம் என்றார்கள். அவ்வளவு பணக்கார நாட்டில் மீதிப் பேர் கடனையோ, கைக்கு வந்த பொருளை விற்பதையோ நினைக்க வேண்டியிருக்கிறது, அல்லது கொடுக்கவே முடியாது என்கிறார்கள்.

என் சொந்த அளவுகோல் சம்பளப் பிரிவில் கிடைத்தது. வரிக் கணக்குக்காக ஆண்டுக்கு ஒரு முறை எல்லாரிடமும் ஒரு படிவம் வாங்குவோம். அதில் "வேறு வருமானம்" என்று ஒரு கட்டம் இருக்கும். நானூறு பேரில் பெரும்பாலோர் அதில் ஒரு சிறு கோடு இழுத்துவிட்டுப் போவார்கள். சிலர் வங்கி வட்டி என்று ஏதோ சில்லறைத் தொகையை எழுதுவார்கள். பொது மேலாளரின் படிவத்தில் இரண்டு வீட்டு வாடகையும் பங்கு ஈவுத்தொகையும் இருந்தன. அவர் நாளைக்கே வேலையை விட்டாலும் அந்தக் கட்டம் அவருக்குச் சோறு போடும். அதற்கு நேர்மாறாக, கைநிறையச் சம்பளம் வாங்கிய ஒரு பொறியாளர் அந்தக் கட்டத்தில் கோடு இழுத்தவர்தான். அவருக்கு வேலை போன நான்காவது மாதத்தில், பணி அனுபவச் சான்றிதழை விரைவாகக் கொடுக்கும்படி என்னிடம் கெஞ்சிக்கொண்டு நின்றார். சம்பளச் சீட்டில் இருந்த தொகையைப் பார்த்து அவரை வசதியானவர்கள் பக்கம் சேர்த்திருந்தேன். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

எண் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால் இதைச் செய்யுங்கள். உங்கள் நாட்டின் புள்ளிவிவரத் துறை குடும்ப அளவுக்கு ஏற்பச் சரிசெய்து வெளியிடும் இடைநிலை வருமானத்தைத் தேடி எடுங்கள். உங்கள் வீட்டின் மொத்த வருமானத்தை மேலே சொன்னபடி வகுத்து அதோடு ஒப்பிடுங்கள். முக்கால் பங்கிலிருந்து ஒன்றரை மடங்குக்குள் வந்தால், அதில் ஏறக்குறைய முழுவதும் உழைத்து வருவது என்றால், தயங்காமல் சாதாரண உழைப்பாளி என்று சொல்லிக்கொள்ளுங்கள். ஒன்றரை மடங்கு என்பது நான் போட்ட கோடு. யாரும் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. அதற்கு மேலே போய்விட்டீர்கள், ஆனால் சம்பளம் நின்றால் மூன்று மாதம்கூடத் தாங்காது என்றால், நீங்கள் நல்ல சம்பளம் வாங்கும் உழைப்பாளி. அதற்கும் வெட்கப்பட ஒன்றுமில்லை. "சாதாரண" என்ற சொல்லை மட்டும் கீழே நிற்பவருக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள்.

உறவினரை அடுத்த முறை பார்க்கும்போது, "வேறு வருமானம்" என்ற கட்டத்தில் அவர் என்ன எழுதுகிறார் என்று கேளுங்கள். சிரிப்பு அடங்கினாலும் அடங்கும்.