இளநரைக்கு 18,000 ரூபாய் கோர்ஸ் கட்டலாமா?

கேள்வி: வயது 24. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன், வீடு தண்டையார்பேட்டை. ஒரு வருடமாக வகிட்டில் நரை ஓடுகிறது. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். கடைக்கு வரும் ஒருவர், தான் கேரள வைத்தியரின் ஆள் என்றும், ஆறு மாத ஆயுர்வேத கோர்ஸில் நரைத்த முடியே கறுத்துவிடும் என்றும் சொல்கிறார். மொத்தம் 18,000, முன்பணம் 5,000. கட்டலாமா? நாங்கள் சைவம். அப்பாவுக்கும் சீக்கிரமே நரைத்தது.

பதில்: கட்டாதீர்கள்மா. முன்பணம் கொடுத்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் ஆயுர்வேதம் படித்து அதையே தொழிலாகச் செய்கிறவன், அதனால்தான் கோபம் வருகிறது. நீங்கள் ஜவுளிக் கடையில் இருப்பதால் சுலபமாகப் புரியும். முடி என்பது தறியிலிருந்து இறங்கிவிட்ட துணி மாதிரி. நிறம் ஏறுவதெல்லாம் தோலுக்கு அடியில், வேரில். வெளியே வந்த முடிக்கு உயிர் கிடையாது, அதன்மேல் எந்த மூலிகை எண்ணெயை ஊற்றினாலும் அது திரும்பக் கறுக்காது. எண்ணெய் தடவி இரண்டு வாரத்தில் கறுத்தது என்று யாராவது காட்டினால் அதில் சாயம் இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் நூல்கள் இளநரையைப் பாலித்யம் என்கின்றன. கோபம், துக்கம், அதிக உழைப்பு இவற்றால் உடல் சூடும் பித்தமும் தலைக்கேறி முடியைப் பழுக்க வைக்கிறது என்பது கணக்கு. உப்பை அளவுக்கு மீறித் தின்றால் நரையும் வழுக்கையும் சீக்கிரம் வரும் என்று சரக சம்ஹிதை தனியாகவே சொல்கிறது. ஊறுகாய், அப்பளம், வற்றல் இல்லாமல் சாப்பாடே இறங்காது என்றால் அதைக் குறையுங்கள். இந்த வைத்தியத்துக்குக் காசு கிடையாது, அதனால் எந்த ஏஜென்டும் சொல்ல மாட்டார்.

இனி நான் சொல்வதுதான் முக்கியம். நீங்கள் சைவம் என்றீர்களே, முதலில் ரத்தத்தில் பி12 என்ற வைட்டமின் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். இந்தச் சத்து மீன், முட்டை, ஈரல், பால், தயிரில் இருக்கிறது, கீரை காய்களில் கிடையாது. டீயில் விட்ட பாலோடு நாளை ஓட்டுகிற சைவக்காரர்களுக்கு இது குறைவது சகஜம், குறைந்தால் நரைக்கலாம். அப்பாவுக்கும் நரைத்தது என்றால் பரம்பரையாக இருக்கலாம், பரம்பரை நரைக்கு எந்த மருத்துவத்திலும் முழுத் தீர்வு கிடையாது. ஆனால் பி12 குறைவாலோ தைராய்டாலோ வந்த நரை என்றால் நிலைமை வேறு. குறையைச் சரிசெய்தால் புதிதாக முளைக்கும் முடி சிலருக்குக் கறுப்பாகவே வருகிறது. கை கால் மரத்துப்போவது, நாக்கு எரிச்சல், காரணமில்லாத களைப்பு இருந்தால் இன்னும் சீக்கிரம் பாருங்கள், அது நரம்பு விஷயம். வாயுத் தொல்லை என்று அமிலம் குறைக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 இறங்கும், வீட்டில் அப்படி யாராவது இருந்தால் அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் சத்து மாத்திரை எதையும் வாங்கிப் போடாதீர்கள், ரிப்போர்ட் நன்றாக இருப்பது போலக் காட்டிவிடும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்தில்தானே, காலையில் ஓ.பி. சீட்டு போட்டு பி12, தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றையும் கேளுங்கள். வரிசை நீளம், அரை நாள் சம்பளம் போகும், தெரியும். 18,000 போவதை விட அது மேல்.

எண்ணெய் வேண்டும் என்றால் நீலிபிருங்காதி தைலம் போதும். நீலச் சாயம் எடுக்கும் அவுரி, கரிசலாங்கண்ணி, நெல்லிக்காய் சேர்ந்தது, நல்ல ஆயுர்வேதக் கடையில் சில நூறு ரூபாய்தான். பாட்டிலில் தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தேதி, சேர்மானப் பட்டியல் நான்கும் இருக்கிறதா பாருங்கள். தலைச்சூடு தணியும், தூக்கம் வரும். வெளுத்த முடி அதனால் கறுத்ததை நான் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மூக்கில் மருந்து விடும் நசியம் இளநரைக்கு நூலில் சொன்ன சிகிச்சைதான், ஆனால் வைத்தியர் பக்கத்திலிருந்து செய்ய வேண்டியது. ஏஜென்ட் கொடுக்கும் சொட்டு மருந்தை மூக்கில் விடாதீர்கள். சாப்பாட்டில் தினம் ஒரு நெல்லிக்காய், வாரம் இரண்டு நாள் கரிசலாங்கண்ணிக் கீரை. ஏழுகிணறில் வாழ்ந்த வள்ளலார் அவ்வளவு உயர்த்திச் சொன்ன கீரை அது.

போன மாதம் காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார், இரண்டு கண்ணும் திறக்க முடியாத வீக்கம், காது மடலில் நீர் வடிகிறது. கையில் 'மூலிகைப் பொடி' பாக்கெட். பச்சை இலைப் படம் பெரிதாக இருக்கிறது, உரிம எண் இல்லை. கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக் கிண்ணத்தில் வைத்தேன், பேசிக்கொண்டிருக்கும்போதே கருகருவென்று ஆகிவிட்டது. மருதாணி அப்படி ஆகாது, அது செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும். கறுப்பு மருதாணி என்று விற்பதில் பெரும்பாலும் பாரா பினைலீன் டயமீன் என்ற ரசாயனச் சாயம் கலந்திருக்கும், ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு அது இப்படித்தான் செய்யும்.

1945 மருந்து விதிகளின் ஜே அட்டவணையில், மருந்தால் குணமாகும் என்று சொல்லக்கூடாத நோய்களின் வரிசையில் இளநரையும் இருக்கிறது. சட்டம் இருந்து என்ன, தெருவுக்குத் தெரு ஆறு மாத கோர்ஸ். பாக்கெட்டோடு நானே இரண்டு தடவை புகார் எழுதினேன், பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி கூட வரவில்லை.

சரி, பெண் பார்க்க வரும் நாளுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலில் மருதாணிப் பொடி, இரண்டு மணி நேரம். வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, அவுரிப் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்து உடனே பூசி ஒன்றரை மணி நேரம். பூங்கா நகர் ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள், கலந்து வைத்த பொடி வேண்டாம். இரண்டிலும் துளி எடுத்து முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பாருங்கள், அரித்தால் விட்டுவிடுங்கள். அவர்கள் வருவதற்கு மூன்று நாள் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். அவுரி பூசிய அன்று முடி ஒரு மாதிரி பச்சையாகத் தெரியும், பயப்படாதீர்கள், ஷாம்பு போடாமல் விட்டால் மறுநாள்தான் கறுப்பு முழுதாக இறங்கும்.