கரண்ட் போன பிறகு கோப்பி நினைப்பா?

கேள்வி: மழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கம் கரண்ட் இருப்பதில்லை. கேத்தல் சும்மா கிடக்கிறது, காஸ் முடிந்துவிட்டது, விறகெல்லாம் ஈரம். வெந்நீரே இல்லாமல் நல்ல கோப்பி போட வழி உண்டா? தேயிலைக்கு நடுவில் இருந்துகொண்டு கோப்பி கேட்கிறானே என்று கோபிக்க வேண்டாம்.
- வாசகர், பொகவந்தலாவை

பதில்: கோபம் எதற்கு? தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் ஆட்கள் மன்னாரில் இறங்கி, மாத்தளை வழியாக மலையேறியது முதலில் கோப்பித் தோட்டங்களுக்குத்தான். 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மரங்களைத் தின்று தீர்த்தது. அப்புறம்தான் மலை முழுக்கத் தேயிலை. தாராளமாகக் கேளுங்கள். கேட்ட நேரம்தான் தப்பு.

பச்சைத் தண்ணீரிலும் கோப்பி இறங்கும். ஆனால் வெந்நீரில் நாலைந்து நிமிடத்தில் இறங்குகிற சாயம், இதில் இறங்க 12 மணி நேரமாவது ஆகும். உங்கள் ஊர்க் குளிருக்கு 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சாயங்காலமே ஊறப்போட்டவருக்கு மறுநாள் காலையில் கோப்பி உண்டு. கரண்ட் போன பிறகு போத்தலைத் தேடுகிறவருக்கு இல்லை. இன்ஸ்டன்ட் தூள் பச்சைத் தண்ணீரிலும் கரையுமே என்பீர்கள். கரையும். நீங்கள் கேட்டது ‘நல்ல’ கோப்பி.

கடைப் பாக்கெட்டில் மாவு மாதிரி வருகிற தூளும் ஆகாது. வடிக்கிற துணியை அடைத்துக்கொள்ளும், மிச்சம் கிளாஸின் அடியில் சேறாக நிற்கும். உங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி வேலியோரம் ஒரு கோப்பி மரம் நிற்கிறதா பாருங்கள். பழத்தைப் பறித்து நன்றாகக் காயவைத்துத் தோலை நீக்கி, அடுப்பு எரிகிற நாளில் வறுத்து வையுங்கள். கறுத்தால்தான் கோப்பி என்று கரியாக்கிவிடாதீர்கள், நல்ல மண்ணிறம் போதும். உரலில் ரவையைவிடப் பருமனாக, கரகரவென்று இடிக்க வேண்டும். சல்லடையில் சலித்து, கீழே விழுகிற மாவை வெந்நீர் கிடைக்கிற நாளுக்கு எடுத்து வையுங்கள். மேலே நிற்பதுதான் இதற்கு.

100 கிராம் தூளுக்கு 800 மில்லிலீற்றர் தண்ணீர். மலை ஊற்றிலிருந்து வருகிற பீலித் தண்ணீரை அப்படியே ஊற்றிவிடாதீர்கள். மழைக்குப் பீலி எப்படிக் கலங்கி வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஊறப்போடுவதால் கிருமியும் சாகாது. கொதித்து ஆறிய தண்ணீர்தான் வேண்டும். ‘கொதிக்க வைக்க வழியிருந்தால் உம்மிடம் ஏன் கேட்கிறேன்’ என்று சண்டைக்கு வராதீர்கள். வழி இருக்கிற நாளிலேயே கொதிக்க வைத்து மூடி வையுங்கள் என்கிறேன். அதையே பிளாஸ்கில் ஊற்றி வைக்கிற பழக்கம் இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது, அது வேறு கதை.

நான் இதைப் பழகியது 2022இல். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டிய காலம், காஸுக்கும் வரிசை. முதல் போத்தல் முழுவதையும் வாசலில் ஊற்றினேன். தூளில் குறையில்லை, குறை துணியில். சவர்க்காரம் போட்டுத் துவைத்த துணியில் வடித்திருந்தேன், கோப்பியில் சலவை வாசம். புதுத் துணி எடுத்தால் கஞ்சி வாசம். பழைய வேட்டித் துண்டு ஒன்றைச் சவர்க்காரம் படாமல் சுடுதண்ணீரில் அவித்துக் காயவைத்து, இதற்கென்றே ஒதுக்கிய பிறகுதான் சரியாக வந்தது. நாலாக மடித்து, தானாகச் சொட்ட விடுங்கள். அவசரப்பட்டுப் பிழிந்தால் கசடெல்லாம் கூடவே இறங்கிவிடும்.

வடிந்து வருவது கடும் சாயம். பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கலாம். கசப்பும் புளிப்பும் குறைவாகத்தான் இருக்கும், ஆவி பறக்கிற வாசனையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சீனி இதில் லேசில் கரையாது, கித்துள் பாணி ஒரு கரண்டி விடுங்கள். பால்மா போடுவதானால் முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக்கொள்ளுங்கள், நேரே கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். கரண்ட் இல்லாத வீட்டில் பிரிஜ்ஜும் ஓடாது. அன்றைக்கு வடித்ததை அன்றைக்கே குடித்துவிடுங்கள்.

நன்றாக வந்தால் எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள், ஆனால் தூளை எப்படி இடித்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.