மேற்கே இருட்டினால் மழையா? வடசென்னை வாசகர் கேள்விகள்

கத்திரியில் 41 டிகிரி அடித்தும் சொட்டு மழை இல்லை. ஜூலையில் 37தான், ராத்திரி கொட்டுகிறது. ஏன்? (கொடுங்கையூர்)

வெயில் மட்டும் போதாது. மே மாதம் பல நாள்களில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் சூடான, வறண்ட காற்று மூடிபோல் கிடக்கும். கீழிருந்து எழும் ஈரக்காற்று அதில் முட்டி நின்றுவிடும். தென்மேற்குப் பருவம் வலுத்ததும் உயரே மேற்குக் காற்று நிலைக்கிறது. நகரி மலை, திருத்தணிப் பக்கம் மதியம் 3 மணிக்கு மேல் கிளம்பும் மேகத்தை நம் பக்கம் தள்ளி வருவது அதுதான். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. கடக்க மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். ராத்திரி மழை இப்படித்தான்.

மீனம்பாக்கத்தில் காலை 5.30 மணிக் கணக்கில் விடும் வானிலை பலூனின் பதிவில், 3 முதல் 6 கி.மீ. உயரக் காற்றின் திசையை முதலில் பாருங்கள். மேற்கு, வடமேற்கு என்றால் மாலையில் வானிலைத் துறையின் ரேடார் படத்தைத் திறந்து வையுங்கள். கிழக்கு என்றால் மேகம் நம்மை நோக்கி வராது. காற்று மேலெழக் கிடைக்கும் ஆற்றலைச் சொல்லும் ‘கேப்’ (CAPE) என்ற எண் 2000ஐத் தாண்டியதை மட்டும் பார்த்துக் குடை எடுப்பவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள்.

மாதவரத்தில் வெளுத்து வாங்கியது, ராயபுரத்தில் தூறல்கூட இல்லையே?

தனி மேகம் ஒன்றின் மழை 5, 10 கி.மீ. அகலம்தான், ஆயுள் முக்கால் மணி நேரம். கரையோரம் கடல்காற்று தரையைக் குளிர்வித்திருக்கும், அங்கே வந்ததும் மேகத்துக்குத் தீனியான சூடான காற்று கிடைக்காது. ரேடாரில் ஒற்றைப் புள்ளி என்றால் கரைக்காரர்கள் ஆசைப்பட வேண்டாம். வடக்கு தெற்காக வில்போல் நீண்ட வரிசை என்றால் கதை வேறு: அது தன் குளிர்காற்றாலேயே முன்னால் உள்ள ஈரக்காற்றை நெம்பித் தூக்கிக்கொண்டு கடல்வரை வரும்.

ரேடாரில் வெறுமை, வெளியே இடி. பழுதா? (தண்டையார்பேட்டை)

பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ரேடார் துறைமுகத்தில் இருக்கிறது, உங்கள் பக்கத்திலேயே. அதற்குத் தன் தலைக்கு நேர் மேலே பார்க்க முடியாது. பக்கத்து மேகத்தின் உச்சி தப்பிவிடும். எனவே மேகம் திருவள்ளூர், ஆவடி தாண்டும்போதே அடுத்தடுத்த மூன்று படங்களை ஒப்பிட்டு, அது நகர்ந்த தூரத்தை நேரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள், அதன் வேகம் தெரியும், எப்போது வரும் என்று கணக்கிடலாம். வழியில் புது மேகம் முளைத்தால் கணக்கு கெடும்.

ஃபைபர் படகில் இருக்கும்போது எப்போது திரும்புவது? (காசிமேடு)

மழையைவிட அதற்கு முன் வரும் காற்றுதான் ஆபத்து. தென்கிழக்கிலிருந்து வீசிய காற்று நின்று, சில்லென்று மேற்கிலிருந்து அடித்தால் நேரம் கடந்துவிட்டது. அது படகைக் கரையிலிருந்து ஆழத்துக்குத் தள்ளும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள நொடிகளை 3ஆல் வகுத்தால் கிலோமீட்டர். 30 நொடி என்றால் 10 கி.மீ. அத்தனை தூரத்து மேகத்திலிருந்தும் மின்னல் அடுத்து உங்கள்மேலேயே விழலாம். அதுவரை காத்திருக்காதீர்கள், மேற்கே தொடர்ந்து மின்னும்போதே கரைக்குத் திருப்புங்கள்.

செல்போனில் ‘இரவு 7 மணிக்கு மழை’ என்று காட்டுவது?

எந்த நாளில் என்று சொல்லலாம், எந்தத் தெருவில் என்று சொல்ல முடியாது. 7 மணிக்கு ரேடாரைப் பாருங்கள்.

நேற்றிரவு பெய்த மழை ஏன் இன்றைய தேதியில் பதிவாகிறது?

வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது, அது முடியும் தேதியில்தான் மழை பதிவாகும்.