ஆறு கடைகளா, ஒரே கிடங்கா?

கேள்வி: கோவையில் பிரதான சாலையை ஒட்டி எங்களுக்கு 10 சென்ட் நிலம் உள்ளது. தரைத்தளத்தில் ஆறு கடைகள் கட்டி வாடகைக்கு விட எண்ணியிருந்தோம். இனி யாரும் கடைக்கு வரமாட்டார்கள் என்றும், பத்து நிமிட டெலிவரி நிறுவனம் ஒன்றுக்கு ஏற்றபடி எங்கள் செலவிலேயே ஒரே கூடமாகக் கட்டினால் 9 ஆண்டு ஒப்பந்தம் வாங்கித் தருவதாகவும் தரகர் ஒருவர் சொல்கிறார். எதைக் கட்டுவது?

பதில்: தரகர் சொல்வதில் பாதி உண்மை. மளிகை செல்பேசி வழியே வீட்டுக்கு வருவது குறையப் போவதில்லை. அதற்கான டார்க் ஸ்டோர், அதாவது வாடிக்கையாளர் உள்ளே நுழையாத கிடங்குக் கடை, குடியிருப்புகளுக்கு அருகில்தான் அமைய முடியும். ஆனால் ஆரூடத்தை நம்பிச் சுவர் எழுப்பாதீர்கள். பணம் செலுத்த வரிசையில் நிற்க வேண்டாத கடையை அமேசான் 2018-இல் சியாட்டிலில் திறந்தபோது கல்லாப்பெட்டியே ஒழிந்துவிடும் என்றார்கள். 2024-இல் அந்நிறுவனமே அமெரிக்காவிலுள்ள தன் பெரிய மளிகைக் கடைகளிலிருந்து அந்த ஏற்பாட்டை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. நிமிடக் கணக்கில் பொருள் கொண்டுசேர்த்த துருக்கியின் கெட்டிர் நிறுவனமும் அதே ஆண்டில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் விட்டு வெளியேறியது.

எனவே எடையைத் தூண்களும் உத்திரங்களும் மட்டுமே தாங்கும்படி ஒரே கூடமாகக் கட்டி, நடுவில், பிற்காலத்தில் எடுத்துவிடக்கூடிய தடுப்புச் சுவர்களை வையுங்கள். சாலைப் பக்கம் ஆறு ஷட்டர் வாய்களையும், ஒவ்வொன்றுக்கும் தனி மின்இணைப்புக்கான வழியையும் விட்டுவையுங்கள். முகப்பை மூடிக் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நிறுவனம் போன பிறகு உங்களுக்கு மிஞ்சுவது அந்த முகப்புதான்.

எடைக் கணக்கில் ஏமாறாதீர்கள். இந்தியத் தர விதிப்படி ஒரு சதுர மீட்டருக்கு வீட்டுத் தளம் 200 கிலோவும் கடைத் தளம் 400 கிலோவும் தாங்கினால் போதும். கிடங்குக்குக் குறைந்தது 750 கிலோ வேண்டும். இதில் ஒரு விலக்கு உண்டு. பலர் தவறாகப் புரிந்துகொள்வதால் விரித்தே சொல்கிறேன். உங்கள் தரைத்தளம் நேராக மண்மேல் கிடந்தால் எடையை மண்ணே வாங்கிக்கொள்ளும். நன்றாகத் திமிசு போட்டுக் கெட்டித்த மண்ணும் கம்பி வைத்த கான்கிரீட்டும் போதும், இதற்காகத் தூண்களைப் பருமனாக்க வேண்டியதில்லை. ஆனால் அடியில் வாகன நிறுத்தம் வந்தாலோ, இடம் மிச்சப்படுத்தத் தண்ணீர்த் தொட்டியைக் கடைக்கு அடியில் வைத்தாலோ, அந்தப் பகுதி மட்டும் மண்ணைத் தொடாத தளமாகிவிடும். அங்கே 750 கிலோ கணக்கே செல்லும். முதல் மாடியையும் கிடங்காகக் கேட்டால் சொல்லவே வேண்டாம்.

இனி அந்த 9 ஆண்டு. இத்தகைய ஒப்பந்தங்களில் முதல் சில ஆண்டுகளுக்குப் பிறகு நிறுவனம் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுப் போகலாம், உரிமையாளர் மட்டும் 9 ஆண்டும் கட்டுண்டிருப்பார் என்று எழுதுவது வழக்கம். தரகர் இந்தப் பக்கத்தைப் படித்துக்காட்ட மாட்டார்; அவருடைய கமிஷன் கையெழுத்தான அன்றே வந்துவிடுகிறது. உங்கள் கட்டுமானச் செலவு மீளும் காலம்வரை நிறுவனம் வெளியேற முடியாது என்று எழுதி வாங்குங்கள். ஒப்பந்த முன்பணம் வங்கி வழியே வரும்வரை வரைபடத்தில் ஒரு கோட்டையும் மாற்றாதீர்கள். 11 மாதத்துக்கு எழுதினால் பதிவு தேவையில்லை என்ற பழைய யோசனையையும் கேட்காதீர்கள்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழகச் சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஓராண்டுக்கு மேற்பட்டதைச் சார்பதிவாளரிடமும் பதிய வேண்டும். ஒரே காகிதத்துக்கு ஏன் இரண்டு வாசல் என்று என்னைக் கேட்காதீர்கள்.

திட்ட அனுமதி கடைக்கா, கிடங்குக்கா என்பதையும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2023-இல் டார்க் ஸ்டோர்கள் கடைகள் அல்ல, கிடங்குகளே என்று ஒரே தீர்ப்பில் முடித்துவிட்டது. இங்கே நான் கேட்டபோது மேசைக்கு மேசை ஒரு பதில் கிடைத்தது. டெலிவரி இருசக்கர வண்டிகள் நிற்கும் இடத்தையும் மனைக்குள்ளேயே வரைபடத்தில் காட்டுங்கள், அக்கம்பக்கத்தாரின் முதல் புகார் அதைப் பற்றித்தான் வரும்.