ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு எந்திரிப்பா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, 22 வருஷமா கேபிள் டிவி நடத்துறேன், இப்ப ஃபைபர் நெட்டும் சேர்த்து 1,800 கனெக்‌ஷன் இருக்கு. இவ்ளோ நாள் பெரிய கம்பெனி ஒண்ணுக்குக் கீழ பிரான்சைஸா இருந்தேன், இப்ப சொந்தமா சி கேட்டகிரி இன்டர்நெட் லைசென்ஸ் எடுத்தாச்சு. ரெண்டு சர்வர் வாங்கணும். விக்கிறவர் விண்டோஸ் சர்வர் போட்டுத் தர்றேங்கிறார், அக்கா பையன் உபுண்டுங்கிறான், தெரிஞ்ச நெட்வொர்க் தம்பி ஃப்ரீபிஎஸ்டி தவிர வேற எதையும் தொடாதீங்கங்கிறார். எதைப் போடட்டும்?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: வாழ்த்துக்கள் அண்ணே, மொதல்ல அதைச் சொல்லிடறேன், இன்னொருத்தன் பேர்ல பில் போட்டுக் குடுத்துட்டு திட்டு மட்டும் நாம வாங்குற பொழப்பு முடிஞ்சுது.

ஓஎஸ் (சர்வரை ஓட்டுற அடிப்படை சாஃப்ட்வேர், அவங்க மூணு பேரும் சொன்னது அதைத்தான்) பேச்சுக்கு முன்னாடி ஒண்ணு. உங்க கஸ்டமர் பாக்குற வீடியோ எதுவும் இந்த சர்வர் வழியா போகப்போறதில்ல. அது வீட்டு ஃபைபர் எல்லாம் வந்து சேர்ற ஓஎல்டி பெட்டில இருந்து உங்க ரவுட்டருக்குப் போய், அங்கிருந்து உங்களுக்கு நெட் குடுக்குற அப்ஸ்ட்ரீம் கம்பெனிக்குப் போயிடும். சர்வர்ல இருக்கப்போறது நாலே நாலு வேலை: யூசர்நேம் பாஸ்வேர்ட் சரிபாக்குற ரேடியஸ், வெப்சைட் பேரை ஐபி அட்ரஸா மாத்துற டிஎன்எஸ், எந்த வீடு எப்ப எங்க கனெக்ட் ஆச்சுன்னு பதிவு வைக்கிற லாக், அப்புறம் எந்த ஓஎல்டி செத்திருக்குன்னு காட்டுற மானிட்டரிங். அதனால "எது ஸ்பீடு" ங்கிற சண்டைய அந்த மூணு பேரும் டீக்கடைல போட்டுக்கட்டும், 1,800 பேருக்கு எந்த ஓஎஸ்ஸும் தாங்கும்.

விண்டோஸ் சர்வரை நான் வேணாம்பேன். மோசமான சரக்குன்னு சொல்ல வரல, ஆனா கோர் கணக்குல லைசென்ஸ், சின்ன மெஷினா இருந்தாலும் ஒரு சர்வருக்கு குறைஞ்சது 16 கோருக்கு காசு கட்டணும், அதுக்கு மேல யூசருக்கோ டிவைசுக்கோ தனி லைசென்ஸ். இவ்வளவும் கட்டிட்டு உக்காந்தா நம்ம தொழில்ல எல்லாரும் ஓட்டுற ஃப்ரீரேடியஸ் (ரேடியஸுக்கு), அன்பவுண்ட் (டிஎன்எஸ்ஸுக்கு) எல்லாம் லினக்ஸ் (உபுண்டு, டெபியன் எல்லாம் அந்தக் குடும்பம்) பக்கம் வளந்த பிள்ளைங்க. அந்தக் காசுக்கு இன்னும் ரெண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

என் ஓட்டு டெபியன் ஸ்டேபிளுக்கு. 1993ல ஆரம்பிச்சது, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத ப்ராஜெக்ட். முதலாளி மனசு மாறினா என்ன ஆகும்னு 2020 டிசம்பர்ல பாத்தோமே, ரெட் ஹேட் கம்பெனி கைல இருந்த சென்ட்ஓஎஸ்ங்கிற லினக்ஸோட 8வது வெர்ஷனுக்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும்னு சொல்லிட்டு, திடீர்னு 2021 கடைசியோட நிறுத்துறோம்னு அறிவிச்சாங்க, நம்பி போட்டவங்க எல்லாம் நடுத்தெருவுல நின்னாங்க. டெபியன்ல ஒரு வெர்ஷனுக்கு 3 வருஷம் முழு சப்போர்ட், அதுக்கப்புறம் 2 வருஷம் எல்டிஎஸ்ங்கிற நீட்டிச்ச சப்போர்ட், ஆக 5 வருஷம். இப்ப இருக்கிற 13 வந்தது 2025 ஆகஸ்ட்ல. அந்த சர்வரை நீங்க மாத்துற வரைக்கும் கிட்டத்தட்ட வந்துடும்.

அக்கா பையன் டெபியன்ல எல்லாமே பழசுன்னு சொல்லுவான். சொல்லட்டும். 2024 மார்ச்ல எக்ஸ்இசட்னு ஒரு சின்ன கம்ப்ரெஷன் சாமான்ல யாரோ ரெண்டு வருஷத்துக்கு மேல நல்லவன் மாதிரி கூட இருந்து பின்வாசல் வச்சுட்டாங்க, தூரத்துல இருந்து சர்வருக்குள்ள நுழையுற எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு ஒருத்தர் துருவிப் பாத்ததால மாட்டுச்சு. புதுசு புதுசுன்னு ஓடின டெஸ்டிங், அன்ஸ்டேபிள்ங்கிற சோதனை வெர்ஷன் ஆளுங்களுக்குத்தான் அன்னைக்கு வயித்தக் கலக்குச்சு, டெபியன் ஸ்டேபிள்ல இருந்தது பழைய வெர்ஷன், அதுல அது இல்லவே இல்ல.

ஆனா ஒரு விஷயம், ராத்திரி ரெண்டு மணிக்கு ரேடியஸ் நின்னா எந்திரிச்சு உக்காரப்போறது யாரு? அக்கா பையனா? அப்ப உபுண்டுல ரொம்ப நாள் சப்போர்ட் வர்ற எல்டிஎஸ் வெர்ஷனையே போடுங்க, அதுவும் 5 வருஷம், கமாண்டும் பெரும்பாலும் ஒண்ணேதான், அவன் கை பழகினதுதான் அந்த நேரத்துக்கு உதவும். அவன் அடுத்த வருஷம் பெங்களூர் போயிட்டா? அப்பவும் திண்டுக்கல்லயோ பழனிலயோ டெபியன் உபுண்டு தெரிஞ்ச பையன் கிடைப்பான். ஃப்ரீபிஎஸ்டி தெரிஞ்சவரைத் தேடினா அந்த நெட்வொர்க் தம்பி ஒருத்தர்தான் வருவார், அவர் கல்யாணத்துக்குப் போயிருந்தா முடிஞ்சுது.

இப்ப ஹார்ட் டிஸ்க் கதை, இது நான் பட்டது. ஒரு சின்ன ப்ரொவைடர்ல வேலை பாத்தப்ப ரேடியஸ், அதோட மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ், நாட் (NAT, ஒரு ஐபிய பல வீடு பங்கு போட்டுக்கிற ஏற்பாடு) லாக் எல்லாத்தையும் ஒரே டிஸ்க்ல ஒரே பார்டிஷன்ல போட்டு வச்சேன். நானேதான் போட்டேன், யாரையும் சொல்றதுக்கில்ல. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் லாக் ரொம்பி டிஸ்க் 100 பர்சென்ட், டேட்டாபேஸ் எழுத முடியாம நின்னுருச்சு. ஆனா யாருக்கும் தெரியல! ஏற்கனவே கனெக்ட் ஆன வீடெல்லாம் ஜோரா ஓடுது. ராத்திரி எட்டரைக்கு மழை, நாலு தெருவுக்கு கரண்ட் போயிட்டு பத்து நிமிஷத்துல வந்துச்சு. வந்ததும் 400 வீட்டு ரவுட்டரும் ஒரே நேரத்துல "என்னை உள்ள விடு"ன்னு கதவ தட்டுது, உள்ள இருந்து பதிலே இல்ல. நான் ஃபைபர் அறுந்திருச்சுன்னு நெனச்சு ஒரு ஆளை டார்ச்சோட கம்பத்துக்கு அனுப்பிட்டு, ஒன்றரை மணி நேரம் கழிச்சுத்தான் டிஸ்க்ல எவ்ளோ இடம் மிச்சம்னு காட்டுற டிஎஃப் கமாண்ட் அடிச்சுப் பாத்தேன். மழைல நனைஞ்சுட்டு வந்த அந்த அண்ணன் பாத்த பார்வை இன்னும் மறக்கல.

ஆக ரேடியஸ் ஒரு சர்வர், லாக் இன்னொரு சர்வர், குறைஞ்சபட்சம் லாக்குக்கு தனி டிஸ்க். எவ்ளோ பெருசுன்னா, சும்மா ஒரு கணக்குக்கு ஒரு வீடு ஒரு நாளைக்கு 20,000 கனெக்‌ஷன் தொறக்குது, ஒரு லாக் வரி 150 பைட்னு வைங்க, வீட்டுக்கு 3 எம்பி, 1,800 வீட்டுக்கு 5.4 ஜிபி. லைசென்ஸ்படி 2 வருஷம் வச்சிருக்கணும், அப்ப கிட்டத்தட்ட 4 டிபி. சுருக்கி வச்சா நல்லாவே குறையும், ஆனா சுருக்காத கணக்குக்கே டிஸ்க் வாங்குங்க, அதுவும் ஜோடியா, ரெய்டு 1ல, ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணுல அதே நகல் இருக்கும்.

அப்புறம் கடிகாரம். 2022 ஏப்ரல்ல மத்திய அரசோட சைபர் செக்யூரிட்டி அமைப்பு செர்ட்-இன் போட்ட உத்தரவுல என்ஐசி (தேசிய தகவல் மையம்) இல்லாட்டி என்பிஎல்லோட (தேசிய இயற்பியல் ஆய்வகம்) டைம் சர்வரோட நேரம் ஒத்துப்போகணும்னு இருக்கு, க்ரோனிங்கிற நேரம் சரிபண்ற சாஃப்ட்வேர் போட்டா ரெண்டு வரில முடிஞ்சுரும். இத சட்டத்துக்காகன்னு மட்டும் நெனைக்காதீங்க. நாட் (NAT) முறையில ஒரு ஐபிய அம்பது அறுபது வீடு பங்கு போட்டுக்கும், போலீஸ் ஒரு ஐபி, ஒரு போர்ட் நம்பர், ஒரு நேரம் எழுதிட்டு வந்து யாருன்னு கேப்பாங்க, உங்க கடிகாரம் ரெண்டு நிமிஷம் தள்ளி இருந்தா அதே போர்ட் அப்ப பக்கத்து தெரு வாத்தியார் வீட்டுல இருந்திருக்கும்.

கேள்வி: நெட்ஃப்ளிக்ஸே ஃப்ரீபிஎஸ்டிலதான் ஓடுதாமே, அப்புறம் ஏன் எல்லாரும் லினக்ஸ் லினக்ஸ்ங்கிறீங்க?
– மாணவர், திருவாரூர்

பதில்: தம்பி, பாதி சரி. ப்ரொவைடர் ஆபீஸ்ல கொண்டு வந்து வைக்கிற அவங்க வீடியோ டப்பாலதான் ஃப்ரீபிஎஸ்டி. 2021லயே ஒரே டப்பாவுல இருந்து செகண்டுக்கு 400 ஜிகாபிட் தள்ளிக் காட்டுனாங்க, அசாத்தியமான வேலை. ஆனா அதுக்கு அவங்ககிட்ட ஓஎஸ்ஸோட மையமான கெர்னலையே கை வச்சு எழுதுற ஆளுங்க சம்பளத்துக்கு இருக்காங்க. நம்ம ஆபீஸ்ல ஃபைபர் ஒட்டுற ஸ்ப்ளைசிங் பண்றவர்தான் சர்வருக்கும் சாம்பிராணி போடுறார்.

எனக்கு ஃப்ரீபிஎஸ்டி பிடிக்கும், டேட்டாவ பத்திரமா வைக்கிற இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் உள்ளயே வருது, மேனுவல் படிச்சா உண்மையிலேயே புரியும். ஒரே குடைச்சல், அடுத்த மைனர் ரிலீஸ் வந்து 3 மாசத்துல முந்தினதுக்கு சப்போர்ட் முடிஞ்சுரும், வருஷா வருஷம் கை வச்சுக்கிட்டே இருக்கணும். நீ வீட்டுல பழைய பிசில போட்டுக் கத்துக்கோ, கண்டிப்பா.

கேள்வி: எங்க ஆபீஸ் ரேடியஸ் இன்னும் சென்ட்ஓஎஸ் 7. சொன்னா முதலாளி "ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, ஏம்மா தொடுற"ங்கிறார். என்ன சொல்லட்டும் சார்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அவர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கும்மா, ஓடுறத தொட்டு நாசமாக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். ஆனா 2024 ஜூன் 30ஓட அதுக்கு அப்டேட் நின்னாச்சு, அதுக்கப்புறம் வர்ற ஓட்டைய அடைக்க ஆளில்ல. அதனால தொடாதீங்க, பக்கத்துல புதுசு ஒண்ணு வைங்க. கமாண்ட் பழக்கம் மாற வேணாம்னா சென்ட்ஓஎஸ் மாதிரியே இருக்கிற அல்மா லினக்ஸோ ராக்கி லினக்ஸோ, 9வது வெர்ஷனுக்கு 2032 மே வரைக்கும் அப்டேட் உண்டு. ரவுட்டர்ல ரெண்டு ரேடியஸ் குடுக்கலாம் இல்லையா, புதுச ரெண்டாவதா சேத்து விட்டுட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு பழசுல ரேடியஸ் சர்வீசை மட்டும் நிறுத்திப் பாருங்க. பத்து வீடு புதுசு வழியா உள்ள வந்துச்சுன்னா அந்த லாகை முதலாளிகிட்ட காட்டுங்க, மத்தத அவரே சொல்லிருவார். வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம், சனி ஞாயிறு ஃபோன நீங்கதான் எடுக்கணும்.

கேள்வி: இதெல்லாம் எதுக்கு, மொத்தத்தையும் கிளவுட்ல போட்டா என்ன?
– வாசகர், ஓசூர்

பதில்: பில்லிங் பேஜ், கஸ்டமர் ஆப் எல்லாம் தாராளமா போடுங்க. டிஎன்எஸ்ஸ மட்டும் ஊர்லயே வைங்க, ஒவ்வொரு க்ளிக்குக்கும் முன்னாடி அதைத்தான் கேக்குது, அது மும்பை போயிட்டு வந்தா "நெட்டு ஸ்லோ"ன்னு உங்களுக்குத்தான் ஃபோன் வரும். வைக்கிறப்ப உங்க கஸ்டமர் ஐபிக்கு மட்டும் பதில் சொல்ற மாதிரி பூட்டிருங்க, தொறந்து விட்டா ஊர் பேர் தெரியாதவன் அதை வச்சு நெட்ல இன்னொருத்தன் சர்வரை அடிப்பான், புகார் மெயில் உங்க பேருக்கு வரும்.